திராமன் மில்லடி

ஐஸ்கிரீம் என்று நினைத்துத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவருக்கு நாக்கு இனிப்புத் தேடும் என்பது உனக்குத் தெரியும். உறைபெட்டியின் அடித்தட்டில், பயற்றங்காய்ப் பைகளுக்குக் கீழே, மூடியில் வனிலா என்று எழுதிய பெட்டி ஒன்று கிடந்தது. மூடியை நெம்பினால் உள்ளே கருஞ்சிவப்பாய்த் தூள். நான் குனிந்து மணந்து பார்ப்பதற்கு முன்பே முன்னறையில் இருந்து இவர் தும்மினார். "ஆரப்பா இந்த நேரத்திலை செத்தல் மிளகாய் வறுக்கிறது?" என்று கேட்டார்.

உன் கறித்தூள். கடைசி அரைப்பன்று ஆளுக்கொரு பெட்டி என்று நீ பிரித்துத் தந்தது. மற்றவர்கள் எல்லாரும் அதை எப்போதோ சமைத்துச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். என்னுடையது மட்டும் ஐஸ்கிரீம் வேடம் போட்டுத் தப்பிக் கிடந்திருக்கிறது.

கடிதம் வாசிக்கிற பொறுமை உனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உனக்கு வருகிற கடிதங்களைக்கூட என்னிடம் தந்து, "நீ வாசிச்சுப்போட்டு விசயத்தை மட்டும் சொல்லு" என்பாய். இதில் விசயம் கொஞ்சம் நீளம். இடையில் குறுக்கிட்டுக் கதையை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போக நீயும் இல்லை. ஆகவே ஆறுதலாகத்தான் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கடைசிப் பகுதி உனக்குத் தெரியாது, அதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் நீ மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி, ஒரே படிக்கட்டு. நீ முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, நான் பாலர் பள்ளியில். லண்டனுக்கு வேலை தேடிப் போன உன் மனுசன் அங்கே ஒரு வேலையையும் கூடவே இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்ட பிறகு, அந்த வீட்டில் நீயும் உன் மகள் கௌசியும்தான். புத்தாயிரம் பிறந்த அந்த வசந்தத்தில் உன் வீட்டில் தூள் முடிந்தது. அப்போது யுத்தம், யாழ்ப்பாணத்து ஊருக்குப் பாதை கிடையாது. நகரத்துக் குறொன்லாண்ட் தெருக் கடைகளில் இருந்த தூள் எதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. "இதைப் போட்டால் கறி மணக்காது, மருந்து மணக்கும்" என்று சொல்லி, நீயே வறுக்கத் தீர்மானித்தாய்.

மணம் வெளியே போய் அயலவருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் கவனமாகச் சாத்தினாய். பிறகு அடுப்புக்கு மேலே இருந்த விசிறியை முழு வேகத்தில் விட்டாய். அந்த விசிறியின் குழாய் கட்டடம் முழுவதற்கும் பொதுவானது என்பது உனக்கு அதுவரை தெரியாது. அன்று எல்லாருக்கும் தெரிந்தது. முழுப் படிக்கட்டும் இருமியது, அபாய மணி அலறியது, நாங்கள் எல்லாரும் கீழே புல்வெளியில் போய் நின்றோம். முதலாம் மாடிக் கிழவியின் கையில் இருந்த பூனையும் தும்மியது. தீயணைப்புப் படையில் இருந்து வந்த பொடியன் ஒருவன் படியேறி உன் கதவைத் தட்டினான். நெருப்பு எங்கே என்று கேட்க வாயைத் திறந்தவனுக்கு இருமல்தான் வந்தது. நீ ஒரு கையில் அகப்பையோடு மறுகையால் தண்ணீரை நீட்டினாய். "முதல் தண்ணியைக் குடி தம்பி, பேந்து நெருப்பைத் தேடலாம்" என்று தமிழிலேயே சொன்னாய். அவனும் குடித்தான்.

வீட்டுச் சங்கத்துக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். இந்தக் கட்டடத்துக்குள் இனிமேல் அந்தச் சமையல் மட்டும் வேண்டாம் என்றார். நீயும் மரியாதையாகத் தலையாட்டினாய். அவர் போனதும் தாச்சிக்குள் அரைகுறையாய் வறுபட்டுக் கிடந்த செத்தலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய்.

அந்த மாதமே ஒரு கல்யாணவீட்டில் இன்னொன்று நடந்தது. நம்மவர் இரண்டு பேர் சந்தித்தால் பேரைக் கேட்க மறந்தாலும் ஊரைக் கேட்க மறக்க மாட்டோம். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி கௌசியிடம், "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டாள். கௌசிக்கு அப்போது பதின்மூன்று வயது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஊர் இல்லை அன்ரி, அம்மாவுக்குத்தான் இருக்கு" என்றாள். மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது தே-பானா என்கிற சுரங்க ரயிலில் கௌசி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடியோடு சாய்ந்திருந்தாள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"என்ரை வசாவிளான் ஆமியின்ரை வேலிக்குள்ளை கிடக்கு. அதை அவளுக்குக் கொண்டுபோய்க் காட்டேலாது. காணாத ஊரைத் தன்ரை ஊர் எண்டு எந்தப் பிள்ளை சொல்லும்? காலாலை நடந்து திரியிற மாதிரி ஒரு ஊர் அவளுக்கு வேணுமடி."

"ஊரை என்ன, கடையிலை வாங்கிறதே?"

"கடையிலை தூளும் இல்லை, ஊரும் இல்லை. ரண்டையும் நாங்கள்தான் செய்யவேணும்."

உனக்கு விசர், முழுப் பைத்தியம் என்று சொன்னேன். நீ அதை மறுக்கவில்லை.

வறுத்து அரைக்க இடத்தைக் கண்டுபிடித்தது இவர்தான் என்று இன்றைக்கும் பெருமையடிக்கிறார். லொறியில் மரம் ஏற்றி இறக்கப் போகிற வழியில் ஒஸ்லோவில் இருந்து முக்கால் மணித்தியாலம் தள்ளியிருக்கும் திராமன் நகரில் ஆர்னெ என்ற கிழவரோடு பழக்கம். ஆற்றங்கரையில் அவருக்கு மரம் அரிகிற பழைய மரக்காலை ஒன்று இருந்தது. தொழில் படுத்துவிட்டது, நீள நீளமான கொட்டில்கள் வெறுமையாய்க் கிடந்தன. என்றைக்காவது ஒருநாள் காணியை விற்கத்தான் போகிறார், அதுவரைக்கும் எடுத்துப் பாவியுங்கள் என்றார். ஒரு சனிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். கூரையில் ஓட்டை, உள்ளே புறாக்கள், தரை முழுக்க மரத்தூள். நான் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தேன். நீ ஆற்றைப் பார்த்தாய், வானத்தைப் பார்த்தாய், சுற்றிவர வீடு ஒன்றும் இல்லை என்பதையும் பார்த்தாய்.

"தண்ணி இருக்கு, காத்து இருக்கு, திட்டுறதுக்குச் சனம் இல்லை. ஊர் தொடங்க வேறை என்ன வேணும்?" என்றாய்.

கௌசி காரை விட்டு இறங்கவே இல்லை.

அரைக்கிற மெஷினுக்கு நம் கட்டடத்தில் இருந்த கோயம்புத்தூர்த் தம்பியைப் பிடித்தாய். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளை, நீ உருட்டிப் பொரிக்கிற றோல்ஸுக்கு அடிமை. "பொடி அரைக்கிற மெஷின்தானக்கா? எங்க சித்தப்பாகிட்ட சொன்னா கப்பல்ல ஏத்தி விட்ருவாரு" என்றான். பொடி இல்லை, தூள் என்று நீ திருத்தினாய். "ரெண்டும் ஒண்ணுதானக்கா?" என்று அவன் கேட்டதற்கு நீ பார்த்த பார்வையில் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மெஷின் வந்து சேர்ந்தது அடுத்த வசந்தத்தில்தான். எல்லாரும் சுற்றி நிற்க, நீ கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து சுவிட்சைப் போட்டாய். அது ஒரு முனகு முனகிவிட்டுச் சோம்பலாய்ச் சுற்றியது. கோயம்புத்தூர் மின்சாரம் வேறு, திராமன் மின்சாரம் வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆர்னெ வந்து மோட்டாரின் மூடியைக் கழற்றி, கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டினார். பிறகு அது போட்ட சத்தத்தில் புறாக்கள் எல்லாம் ஒரேயடியாய்ப் பறந்து போயின.

முதல் வறுப்புக்கு நீ நாள் குறித்தாய். மே பதினேழு. நோர்வேயின் தேசிய நாள், நாடு முழுவதும் கொடி பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கும். "அண்டைக்குத்தான் எல்லாருக்கும் லீவு" என்று நீ சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஊர்வலத்துக்குக் கட்டிக்கொண்டு போக நான் பட்டுச்சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டு, பழைய சட்டையோடு திராமனுக்குப் போக வேண்டியதாயிற்று. கொட்டில் வாசலில் வரிசையாய்க் கல்லடுப்புகள். மரக்காலையில் கிடந்த துண்டு விறகு நன்றாய்ப் பிடித்துக்கொண்டது. கல்யாணவீட்டுத் தாச்சிகளில் மல்லி முதலில், பிறகு சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, கடைசியாய்ச் செத்தல். மல்லி மணக்கும்வரை எல்லாம் திருவிழாவாய்த்தான் இருந்தது. செத்தல் தாச்சியில் விழவும் காற்றுத் திரும்பவும் சரியாய் இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பாண்ட் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டு போனது. அலங்காரச் சட்டைகளும் குஞ்சம் வைத்த தொப்பிகளுமாய், பின்னால் கொடிகளோடு பிள்ளைகள். நம்முடைய புகை ஆற்றைத் தாண்டி அவர்கள் மேல் இறங்கியதை நாங்கள் கண்ணால் கண்டோம். முதலில் ஒரு ட்ரம்பெட் தடக்குப்பட்டது. பிறகு ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. கடைசிவரை நின்றது மேளக்காரர் மட்டும்தான், அவருக்கு ஊத மூச்சுத் தேவையில்லையே. அவரும் நிறுத்திய பிறகு தண்ணீருக்கு மேலால் இருமல் சத்தம் மட்டும் வந்தது.

காரின் கதவு திறந்தது. கௌசி ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இறங்கி வந்து அக்கரையைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை. நீ புகையையும் பார்க்கவில்லை, அக்கரையையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பாலத்தில் அந்தக் குழு நம் பக்கமாய் வருவது தெரிந்ததும் நம்முடைய ஆட்கள் தாச்சிகளை விட்டுவிட்டுக் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கினார்கள். நான் உட்பட. "ஒருத்தரும் ஓடாதையுங்கோ. தேத்தண்ணியைப் போடுங்கோ" என்று நீ ஒரு சத்தம் போட்டாய். மூக்குச் சிவந்த குழுத்தலைவர் கொட்டில் வாசலுக்கு வந்தபோது அவர் கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் றோல்ஸும் இருந்தன, எப்படி வந்தன என்று அவருக்கே தெரியாது. அவர் பேசத் தொடங்க முன்பு கௌசி நோர்வே மொழியில் மன்னிப்புக் கேட்டு, தூள் என்றால் என்ன, அதை ஏன் வீட்டில் வறுக்க முடியாது, தீயணைப்புப் படை வந்த கதை எல்லாவற்றையும் கையால் அபிநயம் பிடித்துச் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்போ மிளகாயோ தெரியாது. இந்த இடத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டார். கௌசி உன்னைப் பார்த்தாள்.

டெலிபோனில் எல்லாரும் ஏற்கெனவே ஒரு பேர் சொல்லத் தொடங்கியிருந்தோம். அரைக்கிற மெஷின் மில், அதன் பக்கத்து இடம் மில்லடி. நீ சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, நகரசபைத் தலைவி மாதிரி நிமிர்ந்து, "மில்லடி" என்றாய். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். நான் உன் காதுக்குள், "கொட்டில் எண்டு சொல்லடி" என்றேன். நீ முழங்கையால் ஒரு இடி இடித்தாய்.

அன்று தொடக்கம் மில்லடிக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அடுப்பு மூட்ட முன்பு நீ வெளியே வந்து ஒரு விரலை ஈரமாக்கி உயர்த்திப் பிடித்து, "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்பாய். யாராவது பதில் சொல்லும்வரை ஒருவரும் தீப்பெட்டியைத் தொடக் கூடாது.

பிறகு என்ன, ஊர் தானாகவே வளர்ந்தது. மில்லுக்கு வந்தவர்கள் காத்திருக்கத் தேத்தண்ணிக் கடை வந்தது. தேத்தண்ணி குடித்தவர்களுக்குப் பொழுது போகத் தலைமயிர் வெட்டுகிற கதிரை வந்தது. சட்டை தைக்கிற ஒருத்தி தையல் மெஷினோடு வந்து ஒரு மூலையைப் பிடித்தாள். பலசரக்கு, சேலைக் கடை, வீடியோக் கொப்பி வாடகை. நடுக் கொட்டிலில் பெரியபிள்ளையானவர்களுக்குச் சாமத்தியவீட்டுச் சடங்குகள். வெளியே வலை கட்டிக் கரப்பந்து. பாண்ட் குழுவும் சனிக்கிழமைகளில் வந்து மில்லடியில் ஒத்திகை பார்த்தது, மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு. எல்லிங்ஸ்ருட்டில் இருந்து திராமன் ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி சனம் காரில் வந்துகொண்டிருந்தது.

மில்லில் வரிசை ஒரு பெரிய அரசியல், நினைவிருக்கிறதா? ஒருத்தி அரைத்து முடித்தாலும் மெஷினின் வயிற்றுக்குள் அவளுடைய தூள் கொஞ்சம் தங்கி நிற்கும். அது அடுத்தவளின் தூளோடுதான் வெளியே வரும். ஆகவே யாருக்குப் பின்னால் யார் நிற்பது என்று கண்ணாலேயே கணக்குப் போட்டார்கள். பெருஞ்சீரகம் கூடப் போடுகிறவர்கள் ஒரு கட்சி, குறைத்துப் போடுகிறவர்கள் மறு கட்சி. இரண்டு கட்சியும் ஒரு சனிக்கிழமை வாய்ச்சண்டை பிடித்து, ஒருவரோடு ஒருவர் கதைப்பதை நிறுத்தினார்கள். நான் கவலைப்பட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். "சண்டை வந்திட்டுது. இனி இது ஊர்தான்" என்றாய். அந்தச் சண்டையெல்லாம் மெஷினுக்குத் தெரியவில்லை. அது எல்லார் தூளையும் எல்லாரோடும் கலந்துகொண்டே இருந்தது. இரண்டாம் கோடையில் எங்கள் ஆட்களில் யார் வீட்டில் சாப்பிட்டாலும் கறி ஒரே மணம் மணத்தது.

தேத்தண்ணிக் கடையைக் கௌசி எடுத்துக்கொண்டாள். எடு என்று யாரும் சொல்லவில்லை. வரிசையில் நிற்காதவர்களை இரண்டு மொழியிலும் ஏசுவாள். சீனி கூடக் கேட்ட இவரை, "மாமா, உங்களுக்குச் சுகர் எல்லோ" என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னாள். ட்ரம்பெட் வாசிக்கிற பொடியன் ஒருவன் ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பான் என்பதை நீ கவனிக்காத மாதிரிக் கவனித்தாய். கௌசி எந்த இடத்தையும் இப்படி ஆட்சி செய்து நான் கண்டதில்லை என்று சொன்னேன். நீ தாச்சியைக் கிண்டினாய், முகம் முழுக்கச் சிரிப்பு. நீ நினைத்தது நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நானும் நம்பினேன்.

மில்லடியை வீழ்த்தியது எதிரி இல்லை, நல்ல செய்தி. சமாதானப் பேச்சு என்று சண்டை ஓய்ந்து, ஊருக்குப் பாதை திறந்தது. அந்தக் கோடையில் எல்லாரும் வெறும் சூட்கேஸ்களோடு யாழ்ப்பாணம் போனார்கள். திரும்பி வரும்போது சூட்கேஸ் நிறையத் தூள். அம்மா வறுத்தது, மாமி இடித்தது, சித்தி அரைப்பித்தது. விமானநிலையத்துச் சுங்கத்தில் நாய்கள் தும்மியதாகக் கதை. மில் சும்மா நின்றது. நீயும் போனாய். திரும்பி வந்ததும் படிக்கட்டில் உன்னைப் பிடித்து, ஊர் எப்படி என்று கேட்டேன். "வேலியை மட்டும்தான் பாத்தனான். வேலியை நல்ல வடிவாக் கட்டியிருக்கினம்" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

குறொன்லாண்ட் கடைகளிலும் நம்மூர்த் தூள் பைக்கற்றில் வந்து இறங்கியது. சனம் ஒஸ்லோவுக்கு வெளியே வளவும் முற்றமுமாய் வீடுகள் வாங்கிக்கொண்டு போனது. வளவு இருந்தால் அடுப்பும் அங்கேயே. கடைசியில் ஆர்னெ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். காணியை வாங்க ஆள் வந்துவிட்டது. ஆற்றங்கரை முழுவதும் மாடிவீடும் நடைபாதையுமாய் மாறப்போகிறது. அந்தக் கிழவர் உன்னைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லிப்போட்டுத்தானே தந்தவர். இதுக்கு ஏன் மனுசன் அழுற மாதிரி நிக்குது?" என்று சொல்லி அவர் கையில் ஒரு றோல்ஸைத் திணித்தாய்.

கடைசிச் சனிக்கிழமை இலையுதிர் காலம். விட்டுப்போன ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், இரண்டு கட்சியும். வரிசை வேண்டாம் என்றாய் நீ. எல்லார் செத்தலும் எல்லார் மல்லியும் ஒரே குவியல். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு அடுப்பை மூட்டினோம். அக்கரையில் பாண்ட் குழு வேண்டுமென்றே வந்து நின்று வாசித்தது, இருமல் வரும்வரை. அரைத்து முடிந்ததும் அந்த ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டுத் தந்தாய். மெஷினை டென்மார்க்கில் இருந்து வந்த ஒருவர் விலைக்கு வாங்கி லொறியில் ஏற்றினார். அது போனதும் கொட்டிலுக்குள் நம்முடைய குரலே பெரிதாய்க் கேட்டது.

அப்போதுதான் நீ கௌசியிடம் கேட்டாய். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ பகிடிக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாய்.

"இனி ஆரும் உன்னட்டை எந்த ஊர் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

கௌசி நிமிர்ந்து பார்க்கவில்லை. "எல்லிங்ஸ்ருட்" என்றாள். தோளை ஒருதரம் குலுக்கினாள்.

திரும்பி வரும் வழி முழுவதும் நீ பகிடி விட்டுக்கொண்டே வந்தாய். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும், ஒரு பகிடியையும் நீ முடிக்கவில்லை. படிக்கட்டில் கௌசி முன்னால் ஏறிப் போன பிறகு என் கையைப் பிடித்து, "தோத்துப்போனன் போலையடி" என்றாய். கொட்டில் கொட்டில் என்று சொல்லிச் சொல்லி உன்னைச் சீண்டியவள் நான், அன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவே இல்லை.

அதன் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவில்லை. பாதை மறுபடி மூடியபோதும் பேசவில்லை. கௌசி தாதிப் படிப்புக்குப் போனாள். உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில்கூட நீ தாதிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் கிடந்தாய், சாப்பாட்டில் உறைப்பில்லை என்று முறைப்பாடு செய்தபடி. இனி உனக்குத் தெரியாத பகுதி.

நீ போன மறுநாள் கௌசி என் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். மரண அறிவித்தல் எழுத வேண்டும். கனடாவில் இருந்து உன் தமையனார் டெலிபோனில், ஒலிபெருக்கியைப் போட்டு வைத்திருந்தோம். நம்முடைய அறிவித்தல்கள் எப்படித் தொடங்கும் என்று உனக்குத் தெரியும். பேருக்கு முன்பே ஊர். எங்கே பிறந்தாள், எங்கே வாழ்ந்தாள், எங்கே இருந்தாள் என்று சொல்லிவிட்டுத்தான் ஆளின் பேரையே சொல்வோம். அண்ணர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"யாழ்ப்பாணம் வசாவிளானைப் பிறப்பிடமாகவும்... எழுதியிட்டியளோ? வாழ்விடத்துக்கு என்ன போடுறது? வெளிக்கிட முதல் கொஞ்சக் காலம் கொழும்பிலை நிண்டவள். வெள்ளவத்தை எண்டு போடுங்கோ. பேந்து ஒஸ்லோ."

"மில்லடி" என்றாள் கௌசி.

நான் பேனையை நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"வெள்ளவத்தை வேண்டாம் பெரியமாமா. மில்லடியை வாழ்விடமாகவும் எண்டு போடுங்கோ."

"மில்லடியோ? அப்பிடி ஒரு ஊர் எங்கை கிடக்கு? நான் கேள்விப்படேல்லையே. அது ஆரின்ரை ஊர்?"

கௌசி என்னைப் பார்த்தாள். நீ அன்று பாண்ட் குழுத்தலைவருக்கு முன்னால் நிமிர்ந்த மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கடை ஊர், மாமா" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் எழுத்துத் தெரியவில்லை. மிச்சத்தை அவளே எழுதினாள், பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாய். வசாவிளானைப் பிறப்பிடமாகவும், திராமன் மில்லடியை வாழ்விடமாகவும், ஒஸ்லோ எல்லிங்ஸ்ருட்டை வதிவிடமாகவும் கொண்ட நீ. அன்றைக்கு ஏன் எல்லிங்ஸ்ருட் என்று சொன்னாய் என்று நான் அவளைக் கேட்டேன். "அண்டைக்குக் கோவம் அன்ரி. ஊரைக் கழட்டி லொறியிலை ஏத்தினவை எல்லோ" என்றாள். உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பதினாறு வயதில் நீயும் நானும் நம்முடைய அம்மாக்களுக்கு எதைச் சொன்னோம்?

அறிவித்தல் வந்த பிறகு டெலிபோன் ஓயவில்லை. அனுதாபம் சொல்ல எடுத்தவர்கள் பாதிப் பேர் அனுதாபத்தை விட்டுவிட்டு, மில்லடி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். ஒருவர் அது வடமராட்சியில்தான் இருக்கிறது என்று என்னோடு சண்டைக்கே வந்தார். கோயம்புத்தூர்த் தம்பி அமெரிக்காவில் இருந்து எடுத்து, முதலில் அழுதுவிட்டு, "தூள் அக்கா" என்று மட்டும் சொன்னான். ஆர்னெ இன்னும் இருக்கிறார். செத்தவீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, றோல்ஸ் இருக்கிறதா என்று கௌசியிடம் கேட்டார். இருந்தது.

இன்றைக்கு ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்ததும் கௌசிக்குத்தான் முதலில் டெலிபோன் எடுத்தேன். அவள் வேலை முடிந்து வந்து, மூடியைத் திறந்து கண்ணை மூடி மணந்து பார்த்தாள். பாதியை அவளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். என் பங்கில் ஒரு கத்தரிக்காய்க் கறி வைத்தோம். தாளிக்க முன்பு என்னை அறியாமல் பல்கனிக் கதவைத் திறந்து விரலை ஈரமாக்கி வெளியே நீட்டினேன். இப்போதெல்லாம் எனக்கு இது ஒரு வியாதியாய்ப் போய்விட்டது, முட்டை பொரிக்கவும் காற்றுப் பார்க்கிறேன். இவர் சிரிப்பார். கௌசி சிரிக்கவில்லை, அவளும் பக்கத்தில் வந்து நின்று விரலை நீட்டினாள். கறி நன்றாய் இருந்தது. பழைய தூள் என்பதால் உறைப்புக் கொஞ்சம் குறைவு, நீ இருந்திருந்தால் குறை சொல்லியிருப்பாய்.

இன்னொன்று. குறொன்லாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது புதிதாய் வந்த யாராவது, நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். முன்பெல்லாம் நான் ஒரு பேர் சொல்வேன். இப்போது இரண்டு சொல்கிறேன். இரண்டாவது எங்கே இருக்கிறது என்று கேட்காத ஆள் இல்லை. நான் உடனே தொடங்கிவிடுவேன், தீயணைப்புப் படையில் இருந்து. முந்தாநாள் அப்படித்தான் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு நின்றதில் மூன்று பஸ் போய்விட்டது. போனால் போகட்டும், கதை அப்போதுதான் பாண்ட் குழு பாலம் கடக்கும் இடத்துக்கு வந்திருந்தது.